சத்து இருந்தும் பட்டினி

மண் பரிசோதனை நிலையத்தில் நான் வேலை பார்த்த காலம். ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றங்கரையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மஞ்சள் பையில் இரண்டு கிலோ மண், ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு பிடி நெல் நாற்று.

“யூரியா போட்டா நாலு நாள் பச்சை காட்டுது சார். அப்புறம் பழையபடி மஞ்சளிச்சுப் போவுது. இன்னும் எத்தனை மூட்டைதான் கொட்றது?”

மண்ணைச் சோதித்தேன். தழை, மணி, சாம்பல் சத்து எதிலும் குறையில்லை. உப்பு மட்டும் தூக்கலாக இருந்தது. அப்புறம்தான் நாற்றை வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். நாற்றங்காலில் பிடுங்கிய நல்ல நாற்றின் வேர் வெள்ளையாக, குஞ்சம் போலத் தொங்கும். இதுவோ தேய்ந்த துடைப்பம் போலக் குட்டையாக, பழுப்பேறி, நுனி கருகிக் கிடந்தது. வேர்த்தூவிகளே இல்லை. வேறு ஆய்வுக்கூடத்துக்கு மண்ணை அனுப்பிக் கேட்டதில், குரோமியம் அளவுக்கு மீறி இருப்பதாகப் பதில் வந்தது.

அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் தோல் பதனிட உதவும் குரோமியம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதன் இன்னொரு வடிவமான குரோமேட்தான் தண்ணீரில் கரைந்து ஓடக்கூடியது. வேருக்கு ஒவ்வொரு சத்தையும் உள்ளே எடுக்கத் தனித்தனி வாசல் உண்டு. குரோமேட்டின் உருவம் கந்தகச் சத்தான சல்பேட்டைப் போலவே இருப்பதால், கந்தகத்தின் வாசல் வழியே அது உள்ளே போய்விடுகிறது. போனதும் வேர்நுனியில் செல்கள் பிரிந்து பெருகுவதைக் கெடுக்கிறது. வேர் நீளாது, தூவி முளைக்காது. மண்ணில் மணிச்சத்து இருந்தும் எட்டிப் பிடிக்க ஆளில்லை. இரும்புச்சத்து மேலே ஏறாததால் இலையில் பச்சையம் உண்டாகாது. அந்த மஞ்சள் அதனால் வருவது. பெரியவரிடம், “சோறு இருக்குதுங்க ஐயா, பயிருக்கு வாய்தான் வெந்துபோயிருக்கு” என்றேன். சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

அந்தத் தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வு சொன்னதை, 1996-இல், தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே பதிவு செய்திருக்கிறது. அதில் ஒரு துண்டு நிலத்தின் வேரைத்தான் நான் கையில் பிடித்திருந்தேன்.

குரோமியத்தில் ஓர் ஆறுதல் உண்டு: பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும், நெல்மணிக்குப் போவது சொற்பம். பயிரும் தன் நோயை வெளியே காட்டிவிடும். நான் அதிகம் பயப்படுவது காட்மியத்துக்குத்தான். துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றின் வாசல்களில் நுழைந்து, பயிர் பச்சைப்பசேலென்று நிற்கும்போதே மணிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜப்பானில் ஜின்சூ ஆற்றங்கரை மக்களுக்கு அதுதான் நடந்தது. சுரங்கக் கழிவு கலந்த ஆற்றுநீரில் விளைந்த அரிசியை ஆண்டுக்கணக்காகச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, எலும்பு முறிந்தது. ‘இதாய் இதாய்’ என்று நோய்க்குப் பேர் வந்தது. ‘வலிக்குது, வலிக்குது’ என்று பொருள். நோய்க்குக் காரணம் காட்மியம் என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது 1968-இல்.

பெரியவரிடம், வயலுக்குப் பாய்ச்சிவந்த கிணற்றுத் தண்ணீரை நிறுத்தச் சொன்னேன். தொழுவுரமும் மட்கும் நிறையப் போடச் சொன்னேன். மக்கும் பொருள் குரோமேட்டை, அவ்வளவாகக் கரையாத பழைய வடிவத்துக்குத் திருப்பும். அடுத்த ஆண்டு மறுபடி நாற்றோடு வந்தார். வேர் ஓரளவு வெளுத்திருந்தது. விளைச்சல் முழுதாகத் திரும்பவில்லை. உலோகம் மக்கிப்போகிற பொருள் அல்ல. மண்ணில் விழுந்தது மண்ணிலேயே கிடக்கும்.

மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கின்றன. குரோமியமோ காட்மியமோ ஈயமோ அவற்றில் இல்லை. உங்கள் வயலுக்குப் பக்கத்தில் தோல் தொழிற்சாலையோ முலாம் பூசும் பட்டறையோ குப்பைக்கிடங்கோ இருந்தால், உலோகச் சோதனையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். உரம் போட்டும் பயிர் மஞ்சளித்தால், அடுத்த மூட்டையைப் பிரிப்பதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள்.