சொல்லே துணையாக: 'வெள்ளை ரோஜா' மாணவர்கள்

1942ஆம் ஆண்டு. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. ஜெர்மனியில் எதிர்க்கட்சிகள் இல்லை. செய்தித்தாள்கள் அரசு விரும்பியதையே அச்சிட்டன. அத்தகைய சூழலில், மியூனிக் பல்கலைக்கழக மாணவர் சிலர் 'வெள்ளை ரோஜா' என்னும் பெயரில் ஆட்சியைக் கண்டித்துத் துண்டறிக்கைகள் எழுதினர்.

ஹான்ஸ் ஷோல், அலெக்சாண்டர் ஷ்மோரெல், கிறிஸ்டோஃப் புரோப்ஸ்ட், வில்லி கிராஃப் ஆகிய நால்வரும் மருத்துவம் பயின்றவர்கள். ஹான்ஸின் தங்கை சோஃபியும் பேராசிரியர் குர்ட் ஹூபரும் அவர்களோடு இணைந்தனர். ஹான்ஸும் சோஃபியும் முன்பு ஹிட்லரின் இளையர் அமைப்புகளில் ஆர்வத்தோடு சேர்ந்தவர்களே என்பது இங்குக் கருதத்தக்கது. அவர்களுடைய துணிவு, நம்பியதை மீண்டும் எண்ணிப் பார்த்துத் தம் பிழையைத் தாமே உணர்ந்ததன் விளைவாகும்.

அத்துணிவு கண்மூடித்தனமானதன்று. தாளும் அஞ்சல்தலையும் மிகுதியாக வாங்கினால் ஐயம் எழும். ஆகவே பல இடங்களில் சிறிது சிறிதாக வாங்கினர். எங்கிருந்து வருகின்றன என்பது தெரியாதிருக்க, இரயிலேறிச் சென்று வேறு நகரங்களிலிருந்து அறிக்கைகளை அஞ்சலிட்டனர். போலந்தில் 300,000 யூதர்கள் கொல்லப்பட்டதை இரண்டாம் அறிக்கை வெளிப்படையாகக் கூறிற்று. பலர் வாய்திறக்க அஞ்சிய செய்தி அது.

1943 பிப்ரவரி 18ஆம் நாள், ஆறாம் அறிக்கையைப் பல்கலைக்கழகக் கட்டடத்தில் பரப்பியபோது ஹான்ஸையும் சோஃபியையும் காவலாளி ஒருவர் கண்டு தடுத்தார். ஹான்ஸிடம் புரோப்ஸ்டின் கையெழுத்துப்படி ஒன்று இருந்தமையால், மூன்று குழந்தைகளின் தந்தையான அவரும் கைதானார். பிப்ரவரி 22ஆம் நாள் மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டு, அன்றே நிறைவேற்றப்பட்டது. அப்போது சோஃபிக்கு வயது 21. ஏனைய மூவரும் அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டனர்.

அவர்களால் ஆட்சி கவிழவில்லை. போர் மேலும் இரண்டாண்டுகள் நீடித்தது. எனின், அவர்கள் செய்தது வீணோ? ஆறாம் அறிக்கை இரகசியமாகப் பிரிட்டனைச் சென்றடைந்தது. அங்கே பெருந்தொகையாக அச்சிடப்பட்டு, அதே ஆண்டில் விமானங்களிலிருந்து ஜெர்மானிய நகரங்களின்மீது தூவப்பட்டது. மாணவர்களைக் கொன்ற அரசால் அவர்தம் சொற்களைத் தடுக்க இயலவில்லை.

இன்று அப்பல்கலைக்கழகத்தின் முன்றில் ஷோல் உடன்பிறந்தார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் தரையில் துண்டறிக்கைகளின் வடிவங்கள் பதிக்கப்பட்டுள்ளன. இவ்வரலாற்றை வகுப்பறையில் எடுத்துரைக்கும் ஆசிரியர்கள், "அவர்கள் எவ்வாறு இறந்தனர்?" என்பதோடு நில்லாமல், "அவர்கள் எவ்வாறு தம் மனத்தை மாற்றிக்கொண்டனர்?" என்றும் மாணவரிடம் வினவுதல் நன்று.