அயோடின் குறைபாடும் தைராய்டு ஆய்வுகளும்

அயோடின் குறைபாடு என்பது, தைராய்டு இயக்குநீரை உருவாக்கத் தேவையான அயோடின் உணவில் போதிய அளவு கிடைக்காததால் ஏற்படும் உடல்நலக் குறைபாடு ஆகும். முன்கழுத்துக் கழலை, கருச்சிதைவு, குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறைவு ஆகியவை இதன் விளைவுகள். மலைப்பகுதி மக்களுக்கு மட்டுமே வரும் நோய் என்று இது நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் கடற்கரையில், உப்பு விளையும் ஊர்களிலேயே இக்குறைபாடு வரக்கூடும். விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்குக் கிழக்கே உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற மரக்காணம் போன்ற பகுதிகளுக்கு இச்செய்தி நேரடியாகப் பொருந்தும்.

தைராய்டு சுரப்பியின் பணி

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள சுரப்பி தைராய்டு. இது டி4 (தைராக்சின்), டி3 என்னும் இரு இயக்குநீர்களைச் சுரக்கிறது. ஒரு டி4 மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்களும், டி3 மூலக்கூறில் மூன்று அயோடின் அணுக்களும் உள்ளன. அயோடின் இல்லாமல் இவற்றை உடலால் உருவாக்க இயலாது.

இச்சுரப்பியை மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்னும் இயக்குநீர் மூலம் கட்டுப்படுத்துகிறது. மேல்நிலைத் தொட்டியில் நீர் குறைந்தால் மிதவை இறங்கிக் குழாய் திறக்கும். நீர் நிறைந்தால் குழாய் மூடிக்கொள்ளும். அதைப்போலவே இரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் டி.எஸ்.எச். கூடும், தைராக்சின் மிகுந்தால் டி.எஸ்.எச். குறையும். அயோடின் பற்றாக்குறை நீடிக்கும்போது டி.எஸ்.எச். தொடர்ந்து தூண்டுவதால் சுரப்பி பெருத்துக் கழலையாகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 250 மைக்ரோகிராம் தேவை. கருவின் தைராய்டு ஏறக்குறைய 12ஆம் வாரத்துக்குப் பிறகே வேலையைத் தொடங்குகிறது. அதுவரை கருவின் மூளை வளர்ச்சி தாயின் தைராக்சினையே நம்பியுள்ளது. அக்காலத்தில் ஏற்படும் இழப்பைப் பின்னர் ஈடுசெய்வது கடினம்.

கடல் உப்பில் அயோடின் போதுமா?

கடலில் அயோடின் உண்டு, ஆகவே கடல் உப்பிலும் அது இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அயோடினோ சுமார் 50 முதல் 60 மைக்ரோகிராம் மட்டுமே. அந்த அயோடின் முழுவதும் உப்போடு தங்குவதாகக் கொண்டாலும் 10 கிராம் உப்பில் கிடைப்பது ஏறக்குறைய 14 முதல் 17 மைக்ரோகிராம்தான். உண்மையில் அதுவும் கிடைப்பதில்லை. பாத்தியில் உப்பு படிகமாகும்போது அயோடினின் பெரும்பகுதி மிஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது.

மாறாக, ஒரு கிலோ உப்பில் 15 மில்லிகிராம் அயோடின் சேர்க்கப்பட்டிருந்தால் 10 கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம் கிடைக்கும். ஆகவே உப்பளத்து உப்புக்கும் அயோடின் கலந்த உப்புக்கும் உள்ள வேறுபாடு பல மடங்கு ஆகும். இந்துப்புக்கும் இது பொருந்தும். அயோடின் சேர்க்கப்படாத இந்துப்பு அயோடின் தேவையை நிறைவு செய்யாது.

ஆய்வு வரலாறு

1811இல் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்னார் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டறிந்தார். 1914இல் அமெரிக்காவில் எட்வர்டு கெண்டால் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். 1917 முதல் ஒகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் டேவிட் மெரைன், கிம்பால் ஆகியோர் பள்ளி மாணவியருக்கு அயோடின் கொடுத்து, அது கழலையைத் தடுக்கும் என்று காட்டினர். 1920களில் சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் அயோடின் கலந்த உப்பு விற்பனைக்கு வந்தது.

இந்தியாவில் திருப்புமுனையாக அமைந்தது காங்ரா பள்ளத்தாக்கு ஆய்வு. இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள அப்பகுதியில் மருத்துவ அறிஞர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956இல் இதைத் தொடங்கினர். அங்கு மக்களில் சுமார் 38 விழுக்காட்டினருக்குக் கழலை இருந்தது. பள்ளத்தாக்கு மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு வட்டாரங்களுக்கு அயோடின் கலந்த உப்பும், மூன்றாவதற்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. 1962இல் பார்த்தபோது முதல் இரண்டு வட்டாரங்களில் கழலை வெகுவாகக் குறைந்திருந்தது. மூன்றாவதில் குறையவில்லை. அதன்பின் அங்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. அதே 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. கழலையைத் தாண்டிய பாதிப்புகளையும் கருத்தில் கொண்டு 1992இல் அது தேசிய அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் எனப் பெயர் மாற்றப்பட்டது.

சட்டமும் தமிழ்நாட்டின் நிலையும்

அயோடின் கலக்காத உப்பை மக்கள் நேரடியாக உண்பதற்காக விற்க விதிக்கப்பட்ட தடை 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டு, 2006 மே மாதம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. நுகர்வோரை அடையும் உப்பில் பத்து இலட்சத்தில் 15 பங்காவது, அதாவது கிலோவுக்கு 15 மில்லிகிராம், அயோடின் இருக்க வேண்டும்.

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது தமிழ்நாடு. ஆனால் 2018–19இல் நடந்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 76.3 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடாகவே இருந்தன. மாநிலங்களில் இதுவே மிகக் குறைவு. உப்பு விளையும் பகுதிகளில் உறையில் அடைக்காத கல்லுப்பு மலிவாகவும் எளிதாகவும் கிடைப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆய்வகச் சோதனைகள்

அயோடின் நிலையையும் தைராய்டின் செயல்பாட்டையும் அறிய மூன்று பொருள்கள் சோதிக்கப்படுகின்றன.

உப்பு: உப்பில் அயோடின் பொட்டாசியம் அயோடேட்டாகச் சேர்க்கப்படுகிறது. உப்புக் கரைசலுடன் அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்தால் அயோடின் வெளிப்படும். அதைச் சோடியம் தயோசல்பேட் கரைசலால் தரம்பார்த்து அளவு அறியப்படுகிறது. ஸ்டார்ச்சு சேர்த்ததும் தோன்றும் நீலநிறம் மறையும் புள்ளியே முடிவு. மேல்நிலைப்பள்ளி வேதியியல் மாணவர்கள் அறிந்த முறைதான் இது. களப்பணியாளர்கள் பயன்படுத்தும் சிறு சோதனைப் பெட்டி, அயோடின் உண்டா இல்லையா என்பதைக் காட்டுமே தவிர, துல்லியமான அளவைத் தராது.

சிறுநீர்: உட்கொள்ளும் அயோடினில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறுகிறது. ஒரு மக்கள் தொகுதியில் இதன் இடைநிலை அளவு லிட்டருக்கு 100 முதல் 199 மைக்ரோகிராம் வரை இருந்தால் போதுமானது எனக் கொள்ளப்படும். நாளுக்கு நாள் மாறுவதால் தனி ஒருவரின் நிலையை ஒரே சோதனையால் முடிவு செய்ய இயலாது.

இரத்தம்: டி.எஸ்.எச்., டி4 ஆகியவை மிகச் சிறிய அளவில் இருப்பவை. கதிரியக்க எதிர்ப்பொருள் முறையை உருவாக்கியதற்காக ரோசலின் யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். அம்முறையும் அதன் வழிவந்த முறைகளும் இச்சோதனைகளை எங்கும் செய்யக்கூடியவையாக்கின. பெரியவர்களின் டி.எஸ்.எச். பொதுவாக லிட்டருக்கு 0.4 முதல் 4 மில்லி அலகுகள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்த எல்லை சற்று மாறும். முடிக்காக உட்கொள்ளும் பயோட்டின் மாத்திரைகள் சில கருவிகளில் தவறான முடிவைத் தரலாம் என்பதால் அதை முன்பே தெரிவிக்க வேண்டும்.

பிறந்த குழந்தைகள்

சில குழந்தைகள் தைராய்டு இல்லாமலோ, சரியாக வேலை செய்யாத தைராய்டுடனோ பிறக்கின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பல மைய ஆய்வில் இது ஏறக்குறைய 1,130 குழந்தைகளுக்கு ஒருவர் எனக் காணப்பட்டது. பிறந்தபோது பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. பிறந்து 48 மணி நேரத்துக்குப் பின் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தம் இதைக் காட்டிவிடும். இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் மருந்து தொடங்கினால் குழந்தையின் அறிவு வளர்ச்சி இயல்பாக அமையும் வாய்ப்பு மிகுதி. தாமதம் நீடித்தால் பாதிப்பு நிலைத்துவிடும்.

அயோடின் மட்டுமே காரணமா?

இல்லை. சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில் 10.95 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைநிலை இருந்தது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது மூன்று மடங்கு மிகுதி. ஐந்தில் ஒருவருக்கு மேல், உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்குவதைக் குறிக்கும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. இவ்வகை நோயை அயோடின் உப்பால் குணப்படுத்த முடியாது. மருத்துவர் தரும் தைராக்சின் மாத்திரையே தீர்வு. மாத்திரை உண்பவர் அயோடின் உப்பைத் தாமாகவே நிறுத்துவதும் தேவையற்றது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கல்லுப்பே வேண்டுமென்றாலும் அயோடின் கலந்த கல்லுப்பு கிடைக்கிறது. உறையில் சிரிக்கும் சூரியன் முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்கலாம். கல்லுப்பைக் கழுவினால் மேலே படிந்த அயோடேட் போய்விடும். உப்பை மூடியுள்ள பாத்திரத்தில், அடுப்பின் வெப்பமும் ஈரமும் படாமல் வைக்க வேண்டும். அயோடினுக்காக உப்பின் அளவைக் கூட்டக் கூடாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர்க்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கர்ப்பம் உறுதியான உடனே தைராய்டு சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ, முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இப்பகுதி மக்கள் ஆலோசனை பெறலாம்.