மூன்று எண்களில் ஒரு திசை

கணிப்பொறிக்கு மேல், கீழ் என்பன தெரியா. கிழக்கும் வடக்கும் தெரியா. வரிசையாக எண்ணிட்ட அறைகளில் எண்களை வைத்து எடுப்பதே அது அறிந்தது. அவ்வாறாயின், முப்பரிமாணத் திசையன் ஒன்றை அதனிடம் எங்ஙனம் ஒப்படைப்பது?

விசுவகர்மா பூஜையன்று கொல்கத்தாவின் வானில் பட்டங்கள் நிறைந்திருப்பதை நேயர்களுட் சிலர் கண்டிருக்கலாம். மைதானத்து ஷஹீத் மினாரின் அடியில் நின்று ஒருவர் பட்டம் விடுகிறார் என்று கொள்வோம். அது அவருக்குக் கிழக்கே 30 மீட்டர், வடக்கே 40 மீட்டர், உயரே 120 மீட்டர் தள்ளி நிற்கிறது. இம்மூன்று எண்களே அதன் திசையன். ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டினால் 16,900. அதன் வர்க்கமூலம் 130. நூலின் நீளம் 130 மீட்டர். (நூல் சற்றே தொய்யும், கணக்கு அதனைப் பொருட்படுத்துவதில்லை.)

இந்நகரின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1955-இல் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி. 2எம் என்னும் பொறி வந்தது. இந்தியாவில் நிறுவப்பெற்ற முதல் இலக்கமுறை மின்னணுக் கணிப்பொறி அதுவே. சுழலும் காந்த உருளையில் அதற்கு 1,024 அறைகள். திசையனுக்கு மூன்றாக 341 திசையன்கள் அடங்கும் என்பது ஏட்டுக் கணக்கு. கட்டளைகளுக்கும் அங்கேதானே இடம் வேண்டும்!

அத்தகைய பொறியில் நம் பட்டத்தை 100, 101, 102 ஆம் அறைகளில் வைப்போம். எது கிழக்கு, எது உயரம் என்பது எழுதியவர் மனத்தில் மட்டுமே இருக்கும். பின்வருபவர் இரண்டாம் எண்ணை உயரமென்று கொண்டால், நூலின் நீளம் அப்போதும் 130தான். கூட்டலுக்கு வரிசை ஏது? விடை மாறாமையால் பிழை புலப்படாது. பட்டமோ 48 மீட்டர் மினாரின் உச்சிக்கும் கீழே இறங்கிவிடும்.

இக்குழப்பம் பழங்கதையன்று. படம் வரையும் மென்பொருள்களுள் பிளெண்டர் மூன்றாம் எண்ணை உயரமாகக் கொள்கிறது. மாயாவோ, மாற்றியமைத்தாலன்றி, இரண்டாம் எண்ணைக் கொள்கிறது. ஒன்றில் நின்ற உருவம் மற்றதில் படுத்துவிடுவதுண்டு.

1970-களில் பரவிய சி மொழியில் மூன்றையும் ஒரு கட்டாக்கித் தனித்தனிப் பெயர் இடலாம். எக்ஸ், ஒய், இசட் என்று இடுவதே வழக்கம். கிழக்கு, வடக்கு, உயரம் என்று இடுவது நன்று என்போம். ஆயிரம் பட்டங்களின் உயரங்களை மட்டும் ஆராய வேண்டுமாயின் கட்டுகளை அவிழ்த்து, உயரங்களையெல்லாம் ஒரே வரிசையில் அடுத்தடுத்து வைப்பதே விரைவு தரும்.