பாட்டியின் நிறம்



அண்மையில் என் மாணவன் ஒருவன் இரண்டு புகைப்படங்களைக் கொண்டுவந்து காட்டினான். ஒன்று, 1970களில் எடுத்த அவன் பாட்டியின் வண்ணப்படம். படம் முழுவதும் செம்மை படர்ந்திருந்தது. மற்றது, ஒரு கடையில் அதைத் திருத்தி அச்சிட்ட புதுப்படம். அதில் பாட்டி ரோஜா நிறத்தில் இருந்தார். “ஐயா, இது எங்கள் பாட்டியே இல்லையென்று அம்மா அழுகிறார்” என்றான் பையன்.

பிழை எங்கே நேர்ந்தது? வண்ணப்படத் தாளில் மூன்று சாயங்கள் உண்டு: நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள். அக்காலத் தாள்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம்தான் விரைவில் மங்கியது. பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் மங்கியது. ஆகவே சிவப்பு மிஞ்சி நின்றது.

இப்படத்தைக் கணினியில் ஏற்றினால், ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களாகிறது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும். இவற்றைக் கூட்டிக் குறைப்பதே வண்ணத் திருத்தம்.

எவ்வளவு கூட்டுவது? அதற்குப் படத்திலேயே ஒரு சாட்சி வேண்டும். வெள்ளைப் பொருளிலும் சாம்பல் நிறப் பொருளிலும் மூன்று எண்களும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். அப்படியொரு பொருளை மென்பொருளுக்குத் தொட்டுக் காட்டினால், அதைச் சமமாக்கி மற்ற நிறங்களையும் சேர்த்து நகர்த்தும். ஆனால் நீலம் போட்டு வெளுத்த வேட்டியைத் தொட்டுவிடாதீர்கள், படமே மஞ்சளாகிவிடும். சிமெண்டுச் சுவர் நல்ல சாட்சி. இது முதற்படி. முகத்தின் நிறத்தை, அவரை நேரில் அறிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள்.

முகத்தை வெளுப்பாக்குவது திருத்தமன்று. முன்னாளில் கோடாக் நிறுவனம் அச்சுக் கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் பல காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்பார்கள். அந்த முகத்துக்கேற்ப அச்சிட்டதால், கறுத்த முகங்கள் பல இருண்டு போயின. இன்று கைப்பேசியில் இருக்கும் அழகூட்டும் பொத்தான் அதே தவற்றை வேறு வழியில் செய்கிறது.

சரி, திரையில் திருத்திவிட்டோம். அச்சிட்டால் நிறம் ஏன் மாறுகிறது? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு தராசில் இருபது கிலோ காட்டிய பால், மற்றொரு தராசில் பதினெட்டு காட்டினால் சண்டை வராதா? முத்திரையிட்ட தராசு வேண்டும் அல்லவா? நிற எண்ணும் அப்படியே. என் திரையில் ‘சிவப்பு 180’ ஒரு சிவப்பு. உங்கள் திரையில் வேறொரு சிவப்பு. எந்த அளவுகோலால் அளந்த எண் என்று கோப்பிலேயே எழுதி வைக்கும் குறிப்புக்கு ‘கலர் புரொஃபைல்’ என்று பெயர்.

இதற்கென 1993இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பன்னாட்டுக் குழுவை அமைத்தன. 1996இல் ஹியூலெட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்டும் ‘எஸ்ஆர்ஜிபி’ என்ற பொது அளவுகோலை முன்மொழிந்தன. 1999இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று. கடைக்குக் கொடுக்கும் படத்தை, வேறு சொல்லப்படாவிட்டால், எஸ்ஆர்ஜிபியில் அந்தக் குறிப்போடு சேர்த்துச் சேமியுங்கள்.

இன்னும் சில நினைவிருக்கட்டும். மூலப்படத்தைப் பத்திரப்படுத்துங்கள், நகலில் மட்டும் கை வையுங்கள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தாள் திரையைப் போல ஒளி வீசாது. முதலில் சிறிய படமொன்றை அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

மாணவனும் நானும் இப்படியே செய்தோம். சிறு படத்தைப் பார்த்த அவன் தாயார், தம் கையை அதனருகே வைத்து, “இதுதான் எங்கம்மா” என்றார்.

நேயர்களே, நாம் திருத்த வேண்டியது மங்கிய சாயத்தையே. பாட்டியின் நிறத்தில் குறையேதுமில்லை.