பயிற்சி நிலையம் நடத்திய குயவர்

கைத்தொழிற் பயிற்சி நிலையம் ஒன்றை நடத்துவது எளிய காரியமன்று. தொழில் தெரிந்தவருக்கு நிர்வாகம் கைவருவது அரிது. நிர்வாகம் தெரிந்தவருக்கோ பெரும்பாலும் தொழில் தெரியாது. இவ்விரண்டு சுமைகளையும் ஒருங்கே தாங்கிய மைக்கேல் கார்டியூ (1901–1983) என்னும் ஆங்கிலக் குயவரின் அனுபவம் நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளத் தக்கது.

ஆக்ஸ்போர்டில் கல்வி பயின்ற அவர், 1923இல் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடற்கரை ஊரில் பெர்னார்ட் லீச் நடத்திய தொழிற்கூடத்தில் சேர்ந்தார். 1926இல் விஞ்ச்கோம் என்னும் ஊரின் அருகே நெடுநாள் மூடிக் கிடந்த கிராமச் சூளை ஒன்றை எடுத்துக்கொண்டார். முன்னர் அங்கே பாண்டம் வனைந்த முதியவரையே மீண்டும் வேலைக்கு அழைத்து, எளிய குடும்பங்கள் அன்றாடம் புழங்கும் ஜாடிகளையும் கலங்களையும் செய்தார். 1939இல் அதனை ரே பிஞ்ச் என்னும் மாணாக்கரிடம் ஒப்படைத்துவிட்டுக் கார்ன்வாலில் வேறொரு பட்டறை அமைத்தார்.

1942இல் மேற்கு ஆப்பிரிக்காவில், இன்று கானா எனப்படும் நாட்டில், அச்சிமோட்டா கல்லூரியின் ஆசிரியரானார். போர்க் காலமாதலால் வெளிநாட்டுச் சரக்குகளின் வரவு குறைந்திருந்தது. ஓடுகளையும் பாண்டங்களையும் உள்நாட்டிலேயே பெருமளவில் உற்பத்தி செய்ய அலாஜோ என்னுமிடத்தில் தொழிற்சாலை எழுந்தது. திட்டம் பெரிது, மண்ணின் குணத்தையும் சூளையின் போக்கையும் சோதித்தறியப் போதிய அவகாசமில்லை. 1945இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. கார்டியூ மனந்தளராமல், வோல்ட்டா நதிக்கரையில் வூமே என்னும் ஊரில் சிறிய பட்டறை தொடங்கினார். 1948 வரை அங்கே உழைத்து, உடல் நலிந்து தாயகம் திரும்பினார்.

இத்தோல்வியின் பாடம் வீண்போகவில்லை. 1950களின் தொடக்கத்தில் நைஜீரிய அரசின் சார்பில் அபுஜா என்ற ஊரில் பயிற்சி நிலையம் அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. இம்முறை சிறிய அளவிலேயே தொடங்கினார். அந்நாட்டு மண், அந்நாட்டுக் கல், விறகுச் சாம்பல் ஆகியவற்றைக் கொண்டே மெருகுப் பூச்சைத் தயாரித்தார். விறகுச் சூளையில் 1250 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சுட்டு, நீர் கசியாத கெட்டிப் பாண்டங்களைச் செய்யப் பழக்கினார்.

அப்பகுதியில் பானை செய்வது பெண்களின் தொழில். ஆயினும் நிலையத்தில் முதலில் பயின்றோர் அனைவரும் ஆடவரே. 1954இல் லாடி குவாலி என்னும் அம்மையார் சேர்ந்தார். அவர் தேர்ந்த குயத்தி. மண்திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சக்கரமின்றியே பெரிய குடங்களை எழுப்பிப் பல்லி, பாம்பு முதலிய உருவங்களைக் கீறுவார். கார்டியூ அம்முறையை மாற்ற முற்படவில்லை. அக்குடங்களுக்கு மெருகிட்டுச் சூளையில் சுட வழிசெய்தார். 1958இல் நிலையத்தின் பாண்டங்கள் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பிற்காலத்தில் அவ்வம்மையாரின் உருவம் நைஜீரியாவின் 20 நைரா நோட்டில் இடம்பெற்றது.

இதில் ஓர் இழப்பும் உண்டு. மெருகில்லாத பானையில் நீர் மெல்லக் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் தண்ணீர் குளிரும். நம் வீட்டு மண்பானையிலும் இதனைக் காண்கிறோம். மெருகிட்ட குடத்துக்கு அக்குணம் இல்லை. தண்ணீர்ப் பானையாகக் கிராமத்தில் புழங்கியது, தொலைவிலுள்ளோர் வாங்கும் அலங்காரப் பொருளாயிற்று. வருவாய் பெருகினாலும் பயன் மாறியதை மறுப்பதற்கில்லை.

1965இல் கார்டியூ ஓய்வு பெற்ற பின்னரும் நிலையம் தொடர்ந்து நடைபெற்றது. நாட்டின் புதிய தலைநகருக்கு அபுஜா என்னும் பெயர் சூட்டப்பட்டபோது அவ்வூர் சுலேஜா ஆயிற்று. நிலையமோ லாடி குவாலியின் பெயரைப் பெற்றது. தொடங்கியவரின் பெயரன்றி, உள்ளூர்த் தொழிலாளியின் பெயர் வாயிலில் நிற்கிறது. தறியாயினும் சூளையாயினும், புதிய திட்டம் தீட்டும் சங்கத்தார் முதலில் வினவ வேண்டியது இதுவே: இத்தொழிலை முன்னரே அறிந்த கைகள் நம் ஊரில் எவை? அவற்றுக்கு நம் நிலையத்தில் இடம் உண்டா?