அடைத்த குமிழி மீண்டும் நிறையலாம்

மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் கிளை பிரிகின்ற இடத்தில் சுவர் நாளடைவில் நலிந்து, பழைய சைக்கிள் டியூபில் தேய்ந்த இடம் உப்புவதைப்போல, ஒரு குமிழியாகப் புடைத்துக்கொள்வதையே வைத்தியர்கள் அனியூரிசம் என்கிறார்கள். வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேருக்கு இது இருக்கிறது என்றாலும், அவர்களுள் பெரும்பாலோர் அதை அறியாமலே ஆயுளைக் கழித்துவிடுகிறார்கள். வெடித்துவிட்டாலோ கதை வேறு. அதுவரை கண்டிராத தலைவலி கணப்பொழுதில் உச்சத்தை எட்டி, வாந்தியும் கழுத்து விறைப்பும் சில வேளை பிரக்ஞை இழப்பும் தொடருமானால், தைலம் தேய்த்து நேரத்தைப் போக்காமல் 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

1937-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் வால்டர் டாண்டி என்ற நிபுணர், மண்டையோட்டைத் திறந்து குமிழியின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் ஒன்றை மாட்டி அதை அடைத்தார். மண்டையைத் திறவாமலே, தொடையின் தமனி வழியாகக் கதீட்டர் என்ற நுண்குழாயைச் செலுத்தி, மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள்களால் குமிழியை நிரப்பிவிடும் காயில் சிகிச்சையை 1990-ல் கலிபோர்னியாவில் தொடங்கிவைத்தவர் குய்தோ குலியெல்மி. வெடித்த குமிழியோடு வந்த 2143 நோயாளிகளைக் கொண்டு இவ்விரு முறைகளையும் ஒப்பிட்ட சர்வதேச ஆய்வொன்று 2002-ல் வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறர் தயவில் வாழ நேர்ந்தவர்களும் கிளிப் முறையில் நூற்றுக்குச் சுமார் 31, காயில் முறையில் 24 என்று அது கண்டதிலிருந்து, காயிலின் செல்வாக்கு ஓங்கிவிட்டது.

அந்த லாபத்துக்கு ஒரு விலை உண்டு. ரத்த ஓட்டத்தின் இடைவிடாத மோதலால் சுருள்கள் அமுங்கி, அடைபட்ட வாய் மீண்டும் திறந்து, குமிழி மறுபடி நிறைவது காயில் வைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நேர்கிறது. பத்தில் ஒருவருக்கு மறு சிகிச்சை தேவைப்படுகிறது. குமிழி பெரிதாகவோ கழுத்து அகன்றோ இருந்தால் அபாயம் அதிகம். கிளிப்பிட்டவர்களுக்கு இது அபூர்வம். ஆயினும் வேறோர் இடத்தில் புதுக் குமிழி தோன்றுவது எவருக்கும் சாத்தியமே. திரும்ப நிறைந்த குமிழிகளில் மிகச் சிலவே வெடிக்கின்றன என்பதால் பீதிக்கு இடமில்லை. ஆனால் வாய் திறந்துகொள்வது பெரும்பாலும் எந்த வலியுமின்றி நிகழ்வதால், "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஸ்கேனைத் தள்ளிப்போடுவதற்கும் இடமில்லை. முதல் பரிசோதனை பெரும்பாலும் ஆறு மாதத்தில். அதன்பின் வருஷக்கணக்கில் தொடரும். புகையை அடியோடு விடுவதும், ரத்தக் கொதிப்பைக் கட்டுக்குள் வைப்பதும், காயிலோடு ஸ்டென்ட் என்ற வலைக்குழாயும் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாமலிருப்பதும் நோயாளியின் கடமை.

இனி உரிமை. எந்த முறை, மாற்று என்ன, திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு என்பவற்றைத் தெரிந்துகொண்டு அளிக்கும் சம்மதமே உண்மையான சம்மதம்; அதற்குப் போதிய தகவலைத் தருவது வைத்தியரின் பொறுப்பு என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி. அதே விதி, 3 வருஷம் வரைதான் அவற்றைக் காக்கச் சொல்கிறது. கண்காணிப்போ அதற்கு மேலும் நீளும் என்பதால், ரத்தக்குழாய்ப் படமான ஆஞ்சியோகிராமின் குறுந்தகட்டையும், உள்ளே வைத்த கிளிப் அல்லது காயிலின் விவரச் சீட்டையும் டிஸ்சார்ஜ் நாளன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். பழைய எஃகுக் கிளிப்புகள் சில எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்கு ஆகாதவை; அச்சீட்டைக் காட்டாமல் அதற்குள் படுக்கக் கூடாது. தொடர் ஸ்கேன்களுக்குக் காப்பீடு உண்டா என்பதையும் ஆரம்பத்திலேயே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

குமிழி திரும்ப நிறைந்தது என்பதனாலேயே வைத்தியரைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று. அது இந்தச் சிகிச்சையின் சுபாவம். அது நேரலாம் என்று சொல்லாமல் விட்டதும், மறு பரிசோதனைக்கு வரச் சொல்லாமல் அனுப்பியதும் வேறு விஷயம். கட்டணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் அத்தகைய குறை நேர்ந்திருந்தால், வழக்குக்குரிய காரணம் எழுந்த 2 வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம்.