படம் இருக்கிறது, எடுத்தவர் எங்கே?

2004 டிசம்பர் 28. கடலூரில் மணலில் விழுந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தபடி ஒரு பெண் கதறுகிறார். சுனாமி கொண்டுபோன உறவினரின் உடல் அவருக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. ஆனால் படத்தில் அந்த உடல் இல்லை. ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிகிறது. ‘வேர்ல்ட் பிரஸ் போட்டோ’ போட்டி அந்த ஆண்டின் சிறந்த பத்திரிகைப் படமாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது.

அந்த வாரம் சுனாமிப் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. வரிசையாகக் கிடத்திய உடல்கள், மொத்தமாகத் தோண்டிய குழிகள் என்று பக்கம் பக்கமாக வந்தன. இந்த ஒரு படம் இன்றைக்கும் நினைவில் நிற்கிறது என்றால், இறந்தவரின் முகத்துக்குப் போகாமல் இருப்பவரின் துயரத்தோடு அது நின்றுகொண்டதுதான் காரணம். எங்கே நிற்பது, எதை ஃப்ரேமுக்குள் விடுவது, எதை வெளியே நிறுத்துவது? இதையெல்லாம் கேமரா முடிவு செய்வதில்லை. இதற்கென்றே சம்பளம் வாங்கிய, இந்த வேலையில் ஊறிய ஒரு மனிதர் முடிவு செய்தார்.

அப்படிப்பட்ட மனிதர்கள் பத்திரிகை அலுவலகங்களில் குறைந்துகொண்டே வருகிறார்கள். பத்திரிகைப் படங்களின் நம்பகத்தன்மை என்று பேச்செடுத்தால் இன்றைக்கு எல்லோர் வாயிலும் ஏஐ. கணினி வரைந்த படங்கள் வந்துவிட்டன, இனி கண்ணால் கண்டதையும் நம்ப முடியாது என்று கருத்தரங்குகள் நடக்கின்றன. மென்பொருளைப் பார்த்து மிரளும் அளவுக்கு, காலியாகும் போட்டோகிராபர் நாற்காலியைப் பார்த்து யாரும் மிரளவில்லை.

பிடிபட்ட கதைகள்

டிஜிட்டல் தில்லுமுல்லுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. 1982 பிப்ரவரியில் புகழ்பெற்ற அமெரிக்க மாத இதழ் ஒன்று கீசா பிரமிடுகளை அட்டையில் போட்டது. படமோ அகலவாக்கில் எடுத்தது, அட்டையோ நீளவாக்கில். இடம் போதவில்லை. கணினியில் ஒரு பிரமிடை இன்னொன்றின் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்கள். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக அசையாத கல் அட்டைக்காக அசைந்தது.

2003 மார்ச் கடைசியில் அமெரிக்க நாளிதழ் ஒன்றின் முதல் பக்கத்தில் ஈராக் போர்ப் படம். இடம் பஸ்ராவுக்கு அருகே. பிரிட்டிஷ் ராணுவ வீரர் ஒருவர் கையை நீட்டி மக்களை உட்காரச் சொல்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் அவர் பக்கமாக வருகிறார். பார்த்தால் பதறவைக்கும் காட்சி. இன்னொரு ஊரில், அந்தப் படத்தை எடுத்துப் பயன்படுத்திய வேறொரு நாளிதழின் ஊழியர் ஒருவர், படத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த கூட்டத்தை உற்றுப் பார்த்தார். ஒரே ஆட்கள் இரண்டு முறை இருந்தார்கள்! சில நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒட்டி ஒன்றாக்கியதாகப் புகைப்படக்காரர் ஒப்புக்கொண்டார். வேலை போனது. அவர் எடுத்த இரண்டு படங்களுமே உண்மையானவை. ஒட்டிய மூன்றாவது படத்தில் இருந்த அந்த நொடி மட்டும் உலகத்தில் எங்கும் நடக்கவே இல்லை.

2006 ஆகஸ்டில் பெய்ரூட். குண்டு விழுந்த நகரத்தின் மேல் எழும் புகையை, படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும் க்ளோன் டூல் கொண்டு புகைப்படக்காரர் ஒருவர் அடர்த்தியாக்கினார். ஒரே மாதிரிச் சுருள்கள் அடுத்தடுத்து வந்ததை இணையத்தில் இருந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். செய்தி நிறுவனம் அவரை விலக்கியதோடு நிற்கவில்லை. அவர் அதுவரை கொடுத்த 920 படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது.

இன்னொரு கதை இதைவிடக் கடுமையானது. 2013 செப்டம்பரில் சிரியாவில் எடுத்த படம் ஒன்றின் மூலையில் சக பத்திரிகையாளரின் வீடியோ கேமரா விழுந்திருந்தது. போராளி ஒருவரைக் காட்டும் படத்துக்கு அந்தக் கேமரா இடைஞ்சல். அதை அழித்து, தரையை நிரப்பி அனுப்பினார் புகைப்படக்காரர். செய்தி மாறவில்லை, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் 2014 ஜனவரியில், அவர் படம் அனுப்பிய செய்தி நிறுவனம் அவருடனான தொடர்பை அறுத்துக்கொண்டது. அவர் எடுத்த ஏறத்தாழ 500 படங்களை மூலக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. வேறு எதிலும் கைவைக்கவில்லை என்று தெரிந்த பிறகும் முடிவை மாற்றவில்லை.

இவ்வளவு கறார் தேவையா என்று கேட்கலாம். டார்க் ரூம் காலத்திலும் வெளிச்சத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், ஓரத்தை வெட்டினார்கள். அந்த அளவுக்கு இன்றும் அனுமதி உண்டு. இருந்த ஒன்றை அழிப்பதற்கும் இல்லாத ஒன்றைச் சேர்ப்பதற்கும் அனுமதி கிடையாது. 2015 வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் கடைசிக்கு முந்தைய சுற்று வரை வந்த படங்களில் 20 சதவீதம் இந்தக் காரணத்தால்தான் வெளியேறின. தேர்வுக்கு வந்த படத்தோடு மூலக் கோப்பையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான் சோதனை.

இத்தனை கதைகளிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஓர் ஆள் இருந்தார். கூப்பிட்டு விசாரிக்க முடிந்தது. மெமரி கார்டை வாங்கிப் பார்க்க முடிந்தது. அந்தப் படத்துக்கு முன்பும் பின்பும் எடுத்த படங்களைக் கேட்க முடிந்தது. தப்பு செய்தவர் இழப்பதற்கு வேலையும் பேரும் இருந்தன.

யாரைக் கூப்பிட்டுக் கேட்பது?

2023 மே 22 அன்று வாஷிங்டனுக்குப் பக்கத்தில் பென்டகன் வளாகத்தில் குண்டு வெடித்ததாக ஒரு படம் பரவியது. சமூக வலைதளத்தில் நீல டிக் வாங்கிய கணக்குகள் அதைப் பகிர்ந்தன. அமெரிக்கப் பங்குச் சந்தை கொஞ்ச நேரம் சறுக்கி எழுந்தது. அங்கே வெடிப்பு எதுவும் இல்லை என்று உள்ளூர்த் தீயணைப்புத் துறை சொன்ன பிறகுதான் அமளி அடங்கியது. அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எடுத்தால்தானே?

ஆறே நாள் கழித்து டெல்லி. போராட்டத்தில் தடுத்துவைக்கப்பட்ட மல்யுத்த வீராங்கனைகள் வண்டிக்குள் எடுத்த செல்ஃபி வெளியானது. மூலப் படத்தில் யார் முகத்திலும் சிரிப்பில்லை. சற்று நேரத்தில் எல்லோரும் பல் தெரியச் சிரிக்கும் இன்னொரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது, போராட்டமே நாடகம் என்ற வாசகத்தோடு. முகத்தில் சிரிப்பை ஒட்டும் செயலிகள் யார் போனிலும் இருக்கின்றன. மூலப் படம் முன்பே வெளியாகியிருந்ததால் புளுகு அன்றே தெரிந்தது. மூலம் இல்லாமல் பொய் மட்டும் முதலில் வந்திருந்தால்?

நிபுணர்களின் கண் காப்பாற்றும் என்று நம்புகிறவர்களுக்கு 2021இல் ஒரு பாடம் கிடைத்தது. வட மாசிடோனியாவில் வேலஸ் என்றொரு சிறு நகரம். 2016 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் பொய்ச் செய்தித் தளங்களை நடத்திப் பேர் வாங்கிய ஊர். நார்வேயைச் சேர்ந்த அனுபவமிக்க புகைப்படக்காரர் ஒருவர் அங்கே போய் ஆளில்லாத தெருக்களையும் அறைகளையும் எடுத்து வந்தார். அவற்றில் கணினியில் செய்த மனிதர்களையும் கரடிகளையும் பொருத்தி, கட்டுரையையும் கணினியையே எழுதவைத்து, புத்தகமாகப் போட்டார். பிரான்சின் பெர்பின்யான் நகரில் நடக்கும் பத்திரிகைப் புகைப்படத் திருவிழாவில் அந்தப் படங்களைத் திரையிட்டார்கள். உலகத்தின் தேர்ந்த பட ஆசிரியர்கள் கூடும் இடம் அது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பொறுமையிழந்த புகைப்படக்காரர் பொய்ப் பெயரில் கணக்கு தொடங்கித் தன் மேல் தானே குற்றம் சாட்டிப் பார்த்தார். கடைசியில் அவரே வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. சோதித்துப் பார்ப்பதற்காகச் செய்தவர் என்பதால் சொன்னார். ஏமாற்றுவதற்காகச் செய்கிறவர் சொல்வாரா?

28 பேரும் ஒரு செல்போனும்

2013 மே 30 அன்று சிகாகோ நாளிதழ் ஒன்று தன் முழுநேரப் புகைப்படக்காரர்கள் 28 பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. அவர்களில் புலிட்சர் பரிசு வாங்கியவரும் இருந்தார். நிருபர்களுக்கு செல்போனில் படம் எடுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். வாசகர்கள் வீடியோ கேட்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள்.

நம்மூரில் இப்படி ஒரே நாளில் நடப்பதில்லை. ஒருவர் ஓய்வு பெறுவார், அந்த இடத்துக்கு ஆள் எடுக்க மாட்டார்கள். மாவட்டங்களில் பகுதிநேர நிருபரே படமும் எடுப்பார். பல இடங்களில் படத்துக்கு இவ்வளவு என்று கூலி. பெட்ரோல் காசு கட்டுப்படியாகாத தூரத்தில் விபத்து நடந்தால், அங்கே கூடியவர்கள் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டதுதான் மறுநாள் செய்திப் படம். தலைவர்களின் சந்திப்பு என்றால் அவர்கள் தரப்பே படமெடுத்து அனுப்பிவிடும். யார் அசடு வழிந்தார், யார் முகம் திருப்பினார் என்பதெல்லாம் அந்தப் படங்களில் எப்படி இருக்கும்?

தரப்பட்ட படத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2024 மார்ச்சில் உலகச் செய்தி நிறுவனங்கள் பார்த்தன. பிரிட்டிஷ் அரச குடும்பம் அன்னையர் தினத்துக்கு அனுப்பிய படத்தில் குழந்தையின் சட்டைக் கைப்பகுதி பொருந்தாமல் இருந்தது. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக, இந்தப் படத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்று தங்கள் வாடிக்கைப் பத்திரிகைகளுக்கு அவசரமாகச் சொல்ல வேண்டி வந்தது. அங்கே தங்கள் ஆள் யாரும் நிற்கவில்லை. அதனால் வந்த வினை.

எல்லோர் கையிலும் கேமரா இருப்பது நல்லதுதானே என்று வாதிடுவோர் உண்டு. 2005 ஜூலை 7 லண்டன் சுரங்க ரயில் குண்டுவெடிப்பின் உள்காட்சியைப் பயணிகளின் செல்போன்கள்தான் காட்டின, உண்மை. அந்தப் படங்களைப் பெற்ற அலுவலகங்களில் அனுப்பியவரைக் கூப்பிட்டு விசாரிக்க ஆட்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை.

தொழில்நுட்பமே மருந்து தரும் என்று இன்னொரு நம்பிக்கை. எடுத்த நொடியிலேயே நேரம், கருவி ஆகிய விவரங்களைப் படத்தோடு டிஜிட்டல் முத்திரையாகப் பூட்டும் கேமராக்கள் 2023 முதல் சந்தையில் இருக்கின்றன. பின்னர் யாராவது கைவைத்தால் முத்திரை காட்டிக்கொடுக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் விலை கூடிய கேமராக்களில்தான் முதலில் வந்தது. மாவட்ட நிருபரின் செல்போனுக்கு அது எப்போது வரும்? வந்தாலும், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்குவதோடு இந்த விவரங்களையும் உதிர்த்துவிடுகிறது. டாக்குமென்டாக அனுப்பினால் தப்பிக்கும் என்பதைக்கூடப் பல டெஸ்க்குகளில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டிய போட்டோ எடிட்டர் பதவியும் பல இடங்களில் இல்லை.

சென்னையில் மழை பிடித்தால் 2015 வெள்ளப் படங்கள் மறுபடி வலம்வரத் தொடங்குகின்றன. அவற்றைப் பார்த்ததும் ‘இது சைதாப்பேட்டைப் பாலம், ஆனால் இன்றைக்கு எடுத்ததில்லை, நான் இப்போது அங்கேதான் நிற்கிறேன்’ என்று டெஸ்க்குக்குப் போன் செய்ய ஓர் ஆள் வேண்டும். எந்த மென்பொருளும் அங்கே போய் நனையப் போவதில்லை.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சந்தேகம் தரும் படத்தைப் பார்த்தால் அந்தப் பத்திரிகைக்கு எழுதிக் கேளுங்கள்: உங்கள் ஆள் அங்கே இருந்தாரா, படம் எந்த நாளில் எடுத்தது, ‘கோப்புப் படம்’ என்றால் எந்த ஆண்டின் கோப்பு? எழுத்துப் பிழைக்குக் கடிதம் எழுதும் பழக்கம் நமக்கு நிறைய இருக்கிறது. படத்துக்கும் எழுதுங்கள். கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அந்த நாற்காலிகளில் மறுபடி ஆள் போடுவார்கள்.